மறு: கோப்பு எக்ஸ்டென்ஷனுக்கு 'ஈறு' போதாதா?

வணக்கம் அய்யா,

> கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பிறகு வருவதை 'நீட்டிப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே.

இதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பாலக்கோட்டில் என் கம்ப்யூட்டர் சென்டரில் 'நீட்டிப்பு' என்றால், "கடைசித் தேதியைத் தள்ளிட்டாங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். போன வாரம் ஒரு பையன் சான்றிதழின் பிடிஎஃப் கோப்பை எடுத்து, பெயரின் வாலை மட்டும் 'ஜேபிஜி' என்று மாற்றி ஏற்றிப் பார்த்தான். தளம் ஏற்கவில்லை. வால் மாறினால் உள்ளே இருப்பது மாறாதென்று விளக்கப் போனால், அந்த வாலுக்கு ஒரு சொல் வாயில் வரவில்லை.

'ஈறு' என்கிறேன். சுடு சூடாவது போல, பெறு பேறாவது போல, இறு ஈறாகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர். இறுதல் என்றால் ஒடிதல், முடிதல். நீர் சேந்துகிற கயிறு "இத்துப்போச்சு" என்கிறோமே, அதே இறுதான். தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே 'அகரமுதல் னகர இறுவாய்' என்று வருகிறது. 'இறுவாய்' அழகுதான், ஆனால் மெனுவில் வைக்க முடியாது.

'விகுதி' வடசொல் என்பதற்காக நான் ஒதுக்கவில்லை. அது பகுதியோடு ஒட்டித் திணை, பால் காட்டும் இலக்கண உறுப்பு. ஈறு எந்தச் சொல்லின் முடிவுக்கும் பொருந்தும். எங்கள் ஊர்ப்பெயர்களையே பாருங்கள்: மாரண்டஹள்ளி, பாப்பாரப்பட்டி, ராயக்கோட்டை. எந்த வகை ஊர் என்பதை ஈறே சொல்லிவிடுகிறது. (ஹள்ளி வேறொன்றுமில்லை, நம் பள்ளிதான். கன்னடத்தில் பகரம் ஹகரமானது.) கோப்பிலும் ஈற்றுக்கு அதே வேலை.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் கோப்புப் பெயருக்கு 8 எழுத்து, ஈற்றுக்கு 3. ஜேபிஇஜி, ஜேபிஜி ஆனது அதனால்தான். வெண்பாவின் ஈற்றடிக்கும் மூன்றே சீர். தற்செயல்தான், இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

பல் ஈறோடு குழம்பாதா என்று கேட்டிருந்தீர்கள். 'ஆறு' என்றால் நதியா எண்ணா என்று யாரும் திகைப்பதில்லையே. தனியே நிற்கும் இடத்தில் 'கோப்பீறு' என்று எழுதிவிடலாம். 'ஈற்றில்', 'ஈற்றை' என்பது புதியவர்களுக்கு நாக்கில் தடுக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோறு 'சோற்றில்' ஆகும்போது இது மட்டும் ஆகக்கூடாதா?

விண்டோஸ் இந்த வாலை மறைத்து வைக்கிறதல்லவா? அதைக் காட்டச் சொல்லும் மெனு வரிக்கு 'கோப்பீறுகளைக் காட்டு' என்று எழுதிப் பார்த்தேன், ஒரே வரியில் அடங்கியது. 'கோப்புப் பெயர் நீட்டிப்புகளைக் காட்டு' அடுத்த வரிக்கு வழிந்துவிட்டது.