ஐ3-யில் தமிழுக்கு மாறினால் குறுக்குவிசைகள் வேலை செய்வதில்லை. உதவி தேவை

பலகணி:
வணக்கம் நண்பர்களே. லினக்ஸில் க்னோம் பணிச்சூழலை விட்டு ஐ3 என்ற சாளர மேலாளிக்கு வந்திருக்கிறேன். சாளரங்கள் தாமாகவே இடம் பிரித்து அடுக்கிக்கொள்வது ரொம்பப் பிடித்துவிட்டது. சிக்கல் தமிழ் தட்டச்சில்தான்.

க்னோமில் சூப்பர் + ஸ்பேஸ் அழுத்தினால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். இங்கே அதை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. அதனால் கான்ஃபிக் கோப்பில் இரண்டு வரி சேர்த்தேன்: மோட் (ஐ3 குறுக்குவிசைகளின் முதன்மை விசை) + யு அழுத்தினால் செட்எக்ஸ்கேபிமேப் கட்டளை தமிழ் விசைப்பலகையை ஏற்றும், மோட் + என் அழுத்தினால் ஆங்கிலத்தை ஏற்றும். தமிழுக்குப் போகிறது, திரும்பி வர மாட்டேன் என்கிறது. டெர்மினலில் கட்டளை அடித்து மீளலாம் என்றால் அங்கேயும் தமிழ் எழுத்துதான் விழுகிறது! வெளியேறும் விசையும் எடுபடவில்லை. கணினியைப் பவர் பட்டனில் அணைத்துத்தான் மீள வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

முனையவாசி:
முதலில் பவர் பட்டனை விடுங்கள். கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்2 அழுத்தி வெறும் கன்சோலுக்குப் போங்கள். அதன் விசைப்பலகை தனி, எக்ஸ் (சாளரங்களைக் காட்டும் வரைகலை அமைப்பு) பக்கம் என்ன மாற்றினாலும் அதைத் தொடாது. உள்நுழைந்து, டிஸ்ப்ளே மாறிக்கு உங்கள் திரையின் எண்ணைக் கொடுத்து (பெரும்பாலும் முக்காற்புள்ளி சுழியம்) செட்எக்ஸ்கேபிமேப்பை ஆங்கிலத்துக்கு ஓட்டுங்கள். திரும்பி வந்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

அப்புறம் இரண்டு கேள்வி. தமிழில் மாட்டிக்கொண்டிருக்கும்போது மோட் + 1, மோட் + 2, மோட் + என்டர் வேலை செய்கின்றனவா? செட்எக்ஸ்கேபிமேப்பை '-க்வெரி' என்று ஓட்டினால் லேஅவுட் (விசையமைப்பு) வரியில் எத்தனை பெயர் வருகிறது?

பலகணி:
பணித்தளம் மாறுகிறது, என்டர் அழுத்தினால் டெர்மினலும் திறக்கிறது. அம்புக்குறிகளும் சரி. எழுத்து விசைகள்தான் போச்சு. நிரல்களைத் திறக்கும் டிமெனு வருவதில்லை, சாளரத்தை மூட முடிவதில்லை. லேஅவுட் வரியில் ஒரே பெயர், 'இன்'. வேரியன்ட் (அதன் உட்பிரிவு) தமிழ்நெட், அதாவது தமிழ்99.

முனையவாசி:
நினைத்தது சரி. கான்ஃபிக்கில் குறுக்குவிசையை பைண்ட்சிம் என்று எழுதினால் ஐ3 எழுத்தின் பெயரைத்தான் பார்க்கும். விசைப்பலகை மாறியதும் 'இந்த எழுத்து எந்த விசையில் இருக்கிறது' என்று மறுபடி தேடும். நீங்கள் ஆங்கிலத்தை அடியோடு எடுத்துவிட்டுத் தமிழை வைத்திருக்கிறீர்கள். தமிழ்99-இல் ஆங்கில 'என்' இருந்த விசையில் இப்போது 'ல' உட்கார்ந்திருக்கிறது. 'என்' எங்கேயும் இல்லை, ஆகவே உங்கள் மோட் + என் எந்த விசையிலும் ஒட்டவில்லை. எண்களும் என்டரும் இரண்டு விசைப்பலகையிலும் ஒன்றுதான் என்பதால் அவை தப்பித்தன.

இரண்டையும் சேர்த்தே ஏற்றுங்கள். லேஅவுட்டில் 'யுஎஸ்,இன்' என்று கொடுங்கள், ஆங்கிலம் கட்டாயம் முதலில். வேரியன்ட்டில் முதலில் ஒரு காற்புள்ளி, அதற்கப்புறம் தமிழ்நெட். அந்தக் காற்புள்ளியை விட்டால் தமிழ்நெட் என்பது ஆங்கிலத்தின் வேரியன்ட் என்று எடுத்துக்கொண்டு பிழை காட்டும். மாற்றும் விசையை ஆப்ஷனில் சொல்லலாம். கேப்ஸ் லாக்கை அதற்கு ஒதுக்குவது எனக்கு வசதி. மோட் விசையாக ஆல்ட்டை வைத்திருந்தால் ஆல்ட் + ஷிஃப்ட் மாற்றி வேண்டவே வேண்டாம், பாதிக் குறுக்குவிசைகளோடு முட்டும்.

ஐ3 குறுக்குவிசைகளை முதல் குழுவை (முதலில் கொடுத்த லேஅவுட்டை) வைத்தே கணக்கிடும், ஆனால் எல்லாக் குழுவிலும் அவை இயங்கும். நீங்கள் தமிழில் இருந்தாலும் மோட் + டி டிமெனுவைத் திறக்கும்.

கட்டம்கட்டி:
இவ்வளவு எதற்கு? பைண்ட்சிம்மை எடுத்துவிட்டு பைண்ட்கோட் போட்டால் முடிந்தது. விசையின் எண்ணைத்தானே பார்க்கும், எந்த மொழியானால் என்ன?

முனையவாசி:
முடியும். ஆனால் ஒவ்வொரு விசைக்கும் எக்ஸ்இவி என்ற சோதனை நிரலை ஓட்டி எண் கண்டுபிடித்து, கான்ஃபிக் முழுக்க 40, 41, 57 என்று நிரப்ப வேண்டும். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் எழுதினவருக்கே புரியாது. டெர்மினலில் கட்டளை அடிக்க ஆங்கிலம் எப்படியும் வேண்டும், அதற்கு பைண்ட்கோட் உதவாது.

பலகணி:
இரண்டையும் சேர்த்து ஏற்றினேன், கேப்ஸ் லாக்கில் அருமையாக மாறுகிறது, குறுக்குவிசைகளும் உயிரோடு இருக்கின்றன. மிக்க நன்றி. ஆனால் தட்டச்சு க்னோமில் இருந்த மாதிரி இல்லை. 'க' அடித்து 'ஆ' அடித்தால் 'கா' வர வேண்டாமா? 'கஆ' என்று தனித்தனியாக நிற்கிறது.

ஓலைவிசை:
அது எக்ஸ்கேபியின் (செட்எக்ஸ்கேபிமேப் மாற்றும் விசைப்பலகை அமைப்பின்) எல்லை. ஒரு விசைக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். முன்னால் என்ன அடித்தீர்கள் என்று அது திரும்பிப் பார்க்காது. உயிரெழுத்தைக் குறியாக மாற்றுவது, 'க' இரண்டு முறை வந்தால் நடுவில் புள்ளி வைப்பது, இதெல்லாம் உள்ளீட்டு முறையின் வேலை. க்னோமில் பின்னால் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறை நிரல் ஓடிக்கொண்டிருந்தது, நீங்கள் அதைக் கவனிக்க வேண்டிய தேவையே வரவில்லை. ஐ3-யில் அதை நீங்களே கிளப்ப வேண்டும்.

ஐபஸ்-எம்17என் தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள், தமிழ்99 அதில்தான் வருகிறது. ஐ3 கான்ஃபிக்கில் எக்ஸெக் வரியாக ஐபஸ்-டீமனைச் சேர்க்கவும். ஜிடிகே, க்யூடி என்ற வரைகலை நூலகங்கள் இரண்டின் 'ஐஎம் மாட்யூல்' மாறிகளுக்கும் ஐபஸ் என்ற மதிப்பு வேண்டும். எக்ஸ்மாடிஃபையர்ஸ் மாறிக்கு '@ஐஎம்=ஐபஸ்'. இவற்றை டெர்மினல் தொடக்கக் கோப்பில் போட்டால் டிமெனுவிலிருந்து திறக்கும் நிரல்களுக்குப் போய்ச் சேராது, ப்ரொஃபைல் கோப்பில் போட்டுவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள்.

முக்கியமானது: உங்கள் மோட் விசை சூப்பரா?

பலகணி:
ஆமாம், சூப்பர்தான்.

ஓலைவிசை:
அப்படியானால் ஐபஸ் ஓடினாலும் சூப்பர் + ஸ்பேஸ் அதன் கைக்குப் போகாது. ஐ3-யின் இயல்பான கான்ஃபிக்கில் மோட் + ஸ்பேஸ் என்பது மிதக்கும் சாளரத்துக்கும் அடுக்கிய சாளரத்துக்கும் இடையே குவியம் தாவுவதற்கு. ஐ3 முதலில் அந்த விசையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மிதக்கும் சாளரம் எதுவும் திறந்திருக்காததால் உங்களுக்கு ஒன்றும் நடக்காத மாதிரி தெரிந்திருக்கிறது. ஐபஸ் அமைப்பில் மாற்றும் விசையை கன்ட்ரோல் + ஸ்பேஸ் ஆக்குங்கள். ஈமாக்ஸ் பயன்படுத்துபவராக இருந்தால் வேறு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது தேர்வைத் தொடங்கும் விசை.

அதே அமைப்பில், மேம்பட்டவை என்ற தாவலில், கணினியின் விசைப்பலகை அமைப்பையே பயன்படுத்து என்று ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்யாவிட்டால் ஐபஸ் தன்பாட்டுக்கு உங்கள் லேஅவுட்டை மாற்றி வைக்கலாம்.

கட்டம்கட்டி:
நான் ஐ3 மாதிரியே இருக்கும் ஸ்வேயில் இருக்கிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

முனையவாசி:
செட்எக்ஸ்கேபிமேப் அங்கே பலிக்காது, அது எக்ஸ் இல்லை, அதற்குப் பதிலாக வந்த வேலேண்ட். கான்ஃபிக்கில் இன்புட் பகுதிக்குள் லேஅவுட்டையும் வேரியன்ட்டையும் எழுத வேண்டும். குறுக்குவிசைக்கு ஸ்வேயில் நல்ல வசதி ஒன்று உண்டு: பைண்ட்சிம் பக்கத்தில் '--டு-கோட்' என்று சேர்த்தால் முதல் லேஅவுட்டை வைத்து எழுத்தை விசை எண்ணாக அதுவே மாற்றிக்கொள்ளும். நீங்கள் சொன்ன பைண்ட்கோட்டின் பலன், எண் மனப்பாடம் இல்லாமல்.

பலகணி:
ஐபஸ் வந்துவிட்டது, 'கா' 'கா'வாகவே விழுகிறது. கன்ட்ரோல் + ஸ்பேஸில் மாறுகிறது. எக்ஸ்கேபியில் சேர்த்த தமிழை இனி எடுத்துவிடலாமா, இருந்துவிட்டுப் போகட்டுமா?

ஓலைவிசை:
எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஒருநாள் தெரியாமல் கேப்ஸ் லாக்கைத் தட்டிவிட்டு ஐ3லாக்கில் திரையைப் பூட்டுவீர்கள். கடவுச்சொல்லும் தமிழில் போகும், புள்ளிகூடக் காட்டாத அந்தத் திரையில் ஏன் தவறு என்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அப்படி நடந்தால் கேப்ஸ் லாக்கை இன்னொரு முறை தட்டினால் போதும், பூட்டிய திரையிலும் அது மாறும்.