பெரியப்பாவின் முழங்காலும் சீட்டின் உயரமும்

குழு: புதுக்கோட்டை – அல்சூர் உறவுகள்

[செவ்வாய், காலை 7:10] பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். ஒரு மாதமாகப் பெங்களூரின் அல்சூர் ஏரியைச் சுற்றி ஓட்டிவந்த சைக்கிளை விற்றுவிடலாம் என்று எண்ணுகிறேன். சர்க்கரை இருப்பதால் நாள்தோறும் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால்தான் வாங்கினேன். ஆனால், நடந்தபோது இருந்ததைவிட இப்போது இரண்டு முழங்கால்களிலும் முன்னாலுள்ள சிப்பி எலும்பைச் சுற்றி வலி அதிகமாக இருக்கிறது. யாருக்கேனும் தேவையென்றால் எடுத்துக்கொள்ளலாம்.

[காலை 7:24] அண்ணி: மாமா, அவசரப்பட வேண்டாம். முழங்கால் தேய்மானத்துக்காக என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் பலருக்கு நானே சைக்கிளைத்தான் பரிந்துரைக்கிறேன். உடல் எடையின் பெரும்பகுதியைச் சீட் தாங்கிக்கொள்வதால் மூட்டின் மேல் விழும் அதிர்ச்சி குறைகிறது. அதே வேளையில், முழங்காலைத் தாங்கிப் பிடிக்கும் தொடைத் தசை வலுப்பெறுகிறது. சிப்பியைச் சுற்றி வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் சைக்கிளில் அமர்ந்திருக்கும் படம் ஒன்றை அனுப்புங்கள்.

[காலை 7:41] பெரியப்பா: படம் அனுப்பியிருக்கிறேன். அமர்ந்தபடியே இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லி நான்தான் சீட்டை இறக்கச் சொன்னேன். இந்த வயதில் கீழே விழுந்துவிடக் கூடாது அல்லவா?

[காலை 7:58] அண்ணி: வலிக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான், மாமா. இவ்வளவு தாழ்வாக உட்கார்ந்து மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, சிப்பி தொடை எலும்போடு அழுந்துகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு அமர்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் இலேசான மடிப்பு மட்டும் இருக்கும், அதுவே சரியான உயரம். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நின்றுகொள்ளப் பழகிவிட்டால் விழுந்துவிடுவோம் என்ற பயம் இருக்காது.

[காலை 8:05] நான்: பெரியப்பா, ஏரியிலிருந்து எம்.ஜி. சாலைக்கு ஏறும்போது எந்தக் கியரில் மிதிக்கிறீர்கள்?

[காலை 8:11] பெரியப்பா: கடையில் எந்தக் கியரில் கொடுத்தார்களோ அதிலேயே மிதிக்கிறேன். கடினமாக மிதித்தால்தானே உடற்பயிற்சி?

[காலை 8:20] அண்ணி: இல்லை, மாமா. கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பதுதான் மூட்டுக்குப் பகை. இலகுவான கியரில் வேகமாகக் காலைச் சுழற்றுங்கள். 15 நொடிகளில் வலது முழங்கால் 18 முதல் 20 முறை மேலே வந்தால் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான பயிற்சி. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் அப்படிப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார அமைப்பு கூறுகிறது. தசைகள் வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. நீங்கள் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

[மாலை 6:32] அத்தை: அண்ணா, காலையில் வந்த செய்திகளை இப்போதுதான் படித்தேன். நீங்கள் சிறுவயதில் வாடகைச் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுத் திரிந்தபோது நான் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். பெண் பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கு என்று அப்பா சொல்லிவிட்டார். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுத்தந்ததால்தான் 24 வயதில் நானும் ஏறினேன். ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிள்தான். அந்தப் பாரில் பிள்ளையை உட்காரவைத்து, பின்னால் குடத்தைக் கட்டிக்கொண்டு போவேன். உடம்புக்கு நல்லது என்று அன்று யாரும் சொல்லவில்லை. யாருக்காகவும் காத்திராமல் போக முடிந்ததே, அந்த மகிழ்ச்சிக்காகத்தான் ஒவ்வொரு நாளும் மிதித்தேன். நீங்கள் அதை மாத்திரையைப் போல நினைத்து ஏறுகிறீர்கள், அதனால்தான் விற்கத் தோன்றுகிறது.

[மாலை 6:50] நான்: ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்காவின் உட்சாலைகளில் மோட்டார் வண்டிகளை அனுமதிப்பதில்லை. பேருந்தும் ஆட்டோவும் உரசிச் செல்லும் சாலையில் கியரை மாற்றிப் பழகுவது கடினம். அங்கே நிழலும் இருக்கிறது, பயமும் இல்லை. காலை 6:30 மணிக்கு நான் வந்து அழைத்துச் செல்கிறேன், பெரியப்பா. அத்தையும் வர வேண்டும்.

[ஞாயிறு, காலை 9:15] பெரியப்பா: சீட்டை மூன்று விரற்கடை உயர்த்தி, இலகுவான கியரில் 40 நிமிடங்கள் ஓட்டினேன். இடது முழங்காலில் வலியே இல்லை, வலதில் சற்று இருக்கிறது. மூங்கில் தோப்பின் பக்கம் ஓய்வெடுக்க நான் இறங்கியபோது தங்கை என் சைக்கிளை வாங்கி ஏறினாள். இருபது ஆண்டுகளாகத் தொடாதவள், இரண்டு தள்ளாட்டத்துக்குப் பிறகு நேராகப் போய்விட்டாள். திரும்பி வரக் கால் மணி நேரம் ஆயிற்று.

[காலை 9:22] அண்ணி: வலது காலுக்கு இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள், மாமா, வலி கூடினால் உடனே நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். அத்தை, உங்களுக்கும் ஒரு சொல்: சைக்கிள் எலும்பை வலுப்படுத்தாது, ஆகவே மாலை நடையை விட்டுவிட வேண்டாம்.

[காலை 9:30] அத்தை: நடையை விடமாட்டேன், அம்மா. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்கென்று தனியாக ஒரு சைக்கிள் வேண்டும். பார் வைத்ததாகவே பாருங்கள்.