ரெஸ்லிங் கொம்பனி நடத்துற கேமில புது வேர்ஷன் வந்து உங்கட புக்கிங்கை (ஆர் ஆரோட மோதி ஆர் வெல்லுறது எண்டு நீங்கள் போடுற திட்டத்தை) குழப்பின சம்பவம் ஒண்டு சொல்லுங்கோ

கொக்குவில் கோணர்:

ரி.ஈ.டபிள்யூ, அதுதான் ரோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங் எண்ட கொம்பியூட்டர் கேம், விளையாடுற ஆக்களுக்கு விளக்கம் தேவையில்லை, நேரா விசயத்துக்கு வாறன். 2016 வேர்ஷனில ஒருத்தனை மெயின் ஈவென்ரர், கடைசிப் பெரிய மட்ச்சுக்குரிய ஆள், எண்டு நாங்களே குறிக்கலாம். புஷ், அதாவது ஆளை எவ்வளவு மேல ஏத்துறது எண்டது, எங்கட கையில. 2020 இல அதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு பெர்செப்ஷன் எண்டு ஒண்டைக் கொண்டுவந்தாங்கள். ஆளின்ர பிரபலத்தையும் மொமென்ரத்தையும் (அந்த நேரத்து ஏறுமுகத்தையும்) பார்த்து, சனம் அவனை என்னவா நினைக்குது எண்டு கேமே முடிவெடுக்கும். மேஜர் ஸ்ராரில தொடங்கிக் கீழ அன்இம்போர்ட்டன்ற் வரைக்கும் போகும்.

என்ர சிநேகிதன் ஒருத்தன், ஜிம் பைத்தியம். 2016 இல எடிட்டருக்குள்ள போய் அவனை ஒரு ரெஸ்லராச் செய்து வச்சனான். உயரம், எடை, படம் எல்லாம் அவன்ர. அந்த சேவில அவன் வருசக்கணக்கா சாம்பியன். கடையில தேத்தண்ணி குடிக்கேக்க கூட "பெல்ட் இன்னும் என்னட்டத்தானே?" எண்டு கேப்பான்.

2020 வாங்கின உடன திரும்ப அவனைச் செய்து கொம்பனிக்குள்ள இறக்கினன். அண்டைக்கு அவன் ரோல்ஸ் பையோட வீட்ட வந்திருந்தான். ஆக்களின்ர பட்டியல், ரோஸ்டரைத் திறக்கிறன், அவன்ர பேருக்குப் பக்கத்தில அன்இம்போர்ட்டன்ற். அவனுக்கு விளங்க எடுத்த நேரம் கொஞ்சம்தான். கையில இருந்த ரோல்ஸைத் திரும்பப் பைக்குள்ள வச்சான். "என்னை நீதானே செய்தனீ? அப்ப கூட்டி விடன்" எண்டான்.

எடிட்டரில கூட்டலாம், ஒரு நிமிச வேலை. நான் கூட்டேல்ல. கூட்டினால் பேந்து என்ன கேம்? அவனுக்கு அது இண்டைக்கும் கோவம். ஒருத்தனை மேல கொண்டுவர இப்ப அவன் தன்னைவிடப் பிரபலமான ஆளை அடிக்கோணும். 2016 இல நாப்பது தாண்டின கிழடுகளைக் கண்டவுடன கலைச்சுவிட்ட நான், இப்ப அவங்களைத்தான் தேடித்தேடி எடுக்கிறன், பெடியளுக்குத் தோக்கிறதுக்கு. என்ர முழு புக்கிங்கும் அதோட மாறிப்போச்சு. சிநேகிதன் மாறேல்ல.

மருதடியான், மானிப்பாய்:

எங்கட வீட்டில டபிள்யூ.டபிள்யூ.ஈ 2கே எண்ட ரெஸ்லிங் கேம்தான். 2கே22 வந்தது 2022 மார்ச். அந்த மாசம் நாடு எப்பிடிக் கிடந்தது எண்டு சொல்லத் தேவையில்லை, மாசக் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஆளாளுக்கு ஒரு ஷோவை நடத்துற மைஜிஎம் மோட்டில நானும் அண்ணையும் ஒருத்தருக்கொருத்தர் போட்டி. கரண்ட் இல்லாத நேரம் முழுக்க லாம்பு வெளிச்சத்தில கொப்பியில கார்ட் (ஷோவின்ர மட்ச் பட்டியல்) எழுதுவம். கரண்ட் வந்த உடன ஓடிப்போய் அதை அப்பிடியே போடுறது.

அப்ப கணக்கு லேசு, ரெஸ்லர்மாரின்ர வகை பொருந்தினால் மட்ச் நல்லா வரும். ஃபைற்றருக்கு புரூசர், குரூசருக்கு ஜயன்ற், ஒருத்தன் நல்லவன் மற்றவன் கெட்டவன். ரே மிஸ்டீரியோவை எடுத்தால் எதிர்ப்பக்கம் ஓமோஸ் மாதிரி ஒரு மலை வேணும். ஸ்பெஷலிஸ்ட் ஆரோடையும் பொருந்துவினம், ஆனால் பெரிய லாபம் இல்லை எண்டு நாங்கள் திரும்பியும் பாக்கிறேல்ல. ரெண்டு பேர்தானே, ஜோடி ஜோடியாப் பொறுக்கலாம்.

2கே23 இல நாலு பேர் விளையாடலாம் எண்டு வந்தது. அந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில இருந்து சித்தி ஆக்கள் வந்திருந்தவை. சித்தியின்ர மகள், பள்ளிக்கூடப் பிள்ளை, தானும் வாறன் எண்டாள். ட்ராஃப்டில, ஆளாளுக்கு ரெஸ்லர்மாரைப் பொறுக்கேக்க, நாங்கள் மிச்ச மூண்டு பேரும் ஜயன்றுக்கும் குரூசருக்கும் அடிபடுறம், அவள் பேசாமல் இருந்து ஸ்பெஷலிஸ்டா எடுத்துக்கொண்டு போறாள். அண்ணை சிரிச்சவர். நாலு பேர் பொறுக்கினால் உங்கட ஜோடியில பாதியை மற்றவன் கொண்டு போயிடுவான் எண்டது எங்களுக்கு உறைச்சது பேந்துதான். என்ர குரூசர்மார் எல்லாரும் ஆளில்லாமல் தங்களுக்குள்ளயே அடிபடுகினம், அவளின்ர ஆக்கள் ஆரோடையும் போகினம். அதில மூண்டு பேர் மோதுற ட்ரிபிள் திரெட்டும் நாலு பேர் மோதுற ஃபேற்றல் ஃபோர்வேயும் வேற புதுசா வந்து கிடக்கு, அவளுக்குக் கார்ட் நிரப்புறது ஒரு வேலையே இல்லை.

சீசன் முடிய அண்ணை கேட்டார், ஆர் பிள்ளை உனக்கு இதைச் சொல்லித் தந்தது எண்டு. "அவையின்ர உடுப்பு வடிவா இருந்தது" எண்டாள். உண்மையோ நடிப்போ எண்டு இன்னும் தெரியேல்ல. அதுதான் எனக்கு இப்பவும் நித்திரையைக் கெடுக்கிறது.

அளவெட்டியான்:

மருதடியான், கோவிக்காதேங்கோ. நீங்கள் சொல்லுறது மனேஜ்மென்ற் இல்லை, சீட்டு விளையாட்டு. 15, 25, 50 கிழமை எண்டு ஒரு முடிவை வச்சுக்கொண்டு விளையாடினால் ஆர் ஆளை வளர்க்கிறது? கடைசிக் கிழமைக்கு முதல் எல்லாரையும் பிழிஞ்செடுத்துப்போட்டுப் போகலாம். ஸ்ரமினா போனால் என்ன, காயம் பட்டால் என்ன, அடுத்த நாள் கடை பூட்டு. கோணர் சொன்ன பெர்செப்ஷன் மாதிரி ஒரு சாமான் அதுக்குள்ள வேலைக்காகாது, ஏனெண்டால் அதுக்குக் காலம் வேணும். நீங்கள் ஜோடி சேர்க்கிறதைத்தான் திறமை எண்டு சொல்லுறியள், அது ஒரு அட்டவணை. பாடமாக்கினால் சரி.

என்ர சம்பவம் சின்னன். அதே 2020 வேர்ஷனில கூட்டத்தின்ர சூட்டைப் பாக்கிற விசயம் ஒண்டு வந்தது. என்னட்ட ரெண்டு சோடி, ரெண்டும் கொம்பனியிலயே திறமான மட்ச் குடுக்கிற ஆக்கள். பெரிய ஷோ ஒண்டில ஒண்டுக்குப் பின்னால மற்றதை வச்சன். முதலாவது பிளந்து கட்டிச்சு. ரெண்டாவது அதைவிடப் பெரிய ஆக்கள், வந்த நம்பர் கீழ. குறிப்பில எழுதிக் கிடக்கு, முதல் மட்ச்சிலயே கூட்டம் களைச்சுப் போச்சாம்.

எங்கட ஊர்க்காரருக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது. தனித்தவில் முடிஞ்ச கையோட ஆரும் பெரிய கீர்த்தனை எடுக்கிறேல்ல, சின்னன் ரெண்டை வாசிச்சு ஆக்களை மூச்சு விட வைப்பினம். அண்டைக்கு நடுவில ஒரு நாலு நிமிசப் பேச்சு, அல்லது ஒரு ஒப்புக்கு மட்ச் போட்டிருந்தால் காணும். பழைய வேர்ஷனில ஷோவை நிரப்புறதுக்கு வச்சிருந்த பெடியளுக்கு இப்ப ஒரு உண்மையான வேலை இருக்கு. என்னைக் கேட்டால் பெர்செப்ஷனைவிட இதுதான் பெரிய மாற்றம், கோணர் ஏற்கமாட்டார்.

மருதடியான், மானிப்பாய்:

அண்ணை, 2கே23 இல ஒரு சீசனோட முடியிறேல்ல, அடுத்தடுத்த சீசன் தொடரலாம். ஆளைப் பிழிஞ்சு எறிய ஏலாது. விளையாடிப்போட்டு வந்து சொல்லுங்கோ.

ஏ.எல். பயோ:

அண்ணாமார் எல்லாரும் பெரிய கேம். என்னட்ட ஃபோன் மட்டும்தான், ரெஸ்லிங் ரெவல்யூஷன் 3டி, புக்கிங் மோட். ரியூசனுக்குப் போற பஸ்ஸில விளையாடுறது. அதில ரெஸ்லர் உங்கட ஒஃபிஸ் கதவைத் திறந்து உள்ள வந்து கதைப்பான், சம்பளம் கூட்டு எண்டுவான், அவனோட வேலை செய்யமாட்டன் எண்டுவான். என்ர சாம்பியன் ஒரு நாள் வந்து நிண்டு கதைக்கிறான், பக்கத்தில இருந்த அம்மா ஒராள் எட்டிப் பார்த்து "ஆர் பிள்ளை உந்தத் தடியன், உன்னோட சண்டைக்கு வாறான்?" எண்டு கேட்டா. சம்பளம் கூட்டிக் குடுத்திட்டன், அவ பாத்துக்கொண்டு இருந்ததால. அவ்வளவுதான். கெமிஸ்ற்றி கிளாஸ் தொடங்குது.

நாவலர் றோட்:

உங்கள் எல்லாரையும்விட நான் மூத்தவன் எண்டு நினைக்கிறன். ரி.ஈ.டபிள்யூவைச் செய்த அடம் றைலண்ட், அதுக்கு முதல் இலவசமாக் குடுத்த ஈ.டபிள்யூ.ஆர் எண்ட கேம் ஞாபகம் இருக்கே? 2002 இல யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை திறந்த பிறகு, கொழும்பில இருந்து வந்த ஒருத்தர் சீடியில கொண்டுவந்து தந்தவர். நெட்கபேயில மணித்தியாலக் காசு குடுத்து விளையாடினது. அதில ஒருத்தன்ர பிரபலத்துக்கு ஓவர்னெஸ் எண்டு ஒரே ஒரு எண்தான். 90 எண்டால் எங்க கொண்டுபோனாலும் 90.

பேந்து ரி.ஈ.டபிள்யூவில பிரபலத்தைப் பிரதேசம் பிரதேசமாப் பிரிச்சாங்கள். அது தெரியாமல் ஒரு பெரிய ஆளை அவனை அறியாத ஒரு பக்கத்துக்குக் கொண்டுபோய்க் கடைசி மட்ச்சில நிப்பாட்டினன். சனம் சத்தமே இல்லை. பெல்ட்டைத் தூக்கிக் காட்டுறான், ஆர் நீ எண்டு கேக்கிற மாதிரிக் கிடக்கு. 2006 ஓகஸ்டில பாதை பூட்டினாப் பிறகு எங்களுக்கு அதை ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவை இருக்கேல்ல.

சரி, தம்பி கோணர், உமக்குக் கொஞ்சம் சொல்லோணும். முதலாவது, சிநேகிதரை எடிட்டரில செய்து போடுறதை விடும். அவரைத் தோக்க வைக்க உமக்கு மனம் வராது, தோக்காத ஆளால மற்றவனை வளர்க்க ஏலாது. கிழடுகளை எடுக்கிறது சரி, ஆனால் கன காலத்துக்கு ஒப்பந்தம் எழுதாதேயும். வயசோட அவையின்ர திறமை இறங்கும், நடுவில ஓய்வெண்டு சொல்லிப்போட்டுப் போகவும் கூடும். அதுக்குள்ள ரெண்டு மூண்டு பெடியளுக்குத் தோக்க வச்சிட வேணும், ஒரே பெடியனுக்குத் திரும்பத் திரும்ப இல்லை.

கெமிஸ்ற்றியை மறவாதேயும். ரெண்டு திறமான ஆக்கள் எண்டு கடைசி மட்ச்சில போட்டுப் பாத்தால், ரெண்டும் பொருந்தாத சோடியா இருக்கும். ஷோவுக்கு முந்தின பகுதி ஒண்டு இருக்கல்லோ, அதில முதல் விட்டுப் பாரும். அங்க நடக்கிறது ஷோவின்ர ரேற்றிங்கில சேராது, நட்டமில்லை. ஷோவின்ர நம்பரைக் கூடுதலாத் தீர்மானிக்கிறது மெயின் ஈவென்ற், அதால நல்லா மல்லுக்கட்டுற ஆளைவிடப் பேர் தெரிஞ்ச ஆளைக் கடைசியில வைக்கிறதுதான் புத்தி. புதுப் பெடியனை ஒரு பெரிய ஆளோட, சோடியா மோதுற ராக் ரீமில சேர்த்துவிடும், தனிய விடாதேயும். ஸ்ரோரிலைன் இல்லாமல் அவனை ரிங்குக்குள்ள அனுப்பாதேயும். சின்னக் கொம்பனி எண்டால் ஆளுக்கு ஷோ கணக்கில காசு குடுக்கிற ஒப்பந்தம்தான் கட்டும். ஆனால் நீர் வளர்த்த பிறகு பெரிய கொம்பனி வந்து எழுத்து ஒப்பந்தத்தை நீட்டிக் கொத்திக்கொண்டு போகும், அதுக்கு ஆயத்தமா அவனுக்குப் பின்னால இன்னொருத்தனை எப்பவும் வச்சிரும். பெல்ட்டை அவனிட்டக் குடுக்க முதல் ஒப்பந்தம் முடியிற திகதியைப் பாரும். இன்னும் கன இருக்கு, பின்னேரம் வந்து எழுதுறன்.

கொக்குவில் கோணர்:

அண்ணை, நான் உதவி கேக்கேல்லையே. இஞ்ச கேட்டது சம்பவம்தானே. உங்கட நெட்கபேக் கதையை இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தால் விரும்பி வாசிச்சிருப்பன்.

ஆனால் ஒண்டு, தோக்க வைக்க மனம் வராது எண்டது பிழை. அன்இம்போர்ட்டன்ற் எண்டு வந்த நாள் தொடக்கம் அவனை ஒவ்வொரு ஷோவிலயும் தோக்க வைக்கிறன். அளவெட்டியான் சொன்ன அந்த ஒப்புக்கு மட்ச் இருக்கல்லோ, ரெண்டு பெரிய மட்ச்சுக்கு நடுவில கூட்டத்தை ஆற விடுறது, அதுக்கு அவனை விட்டால் எனக்கு வேற ஆள் இல்லை. அவனைப்போல ஒருத்தன் இருக்கிறதாலதான் என்ர பெரிய ஷோக்கள் நிக்குது. இதை அவனிட்டச் சொல்லிப் பாத்தன். "அப்ப நான் இன்ரேவலோ?" எண்டு கேட்டிட்டு எழும்பிப் போயிட்டான்.

அளவெட்டியான்:

பார்த்தியளே, நான் சொன்னதுதான். பெர்செப்ஷனைவிடக் கூட்டம்தான் பெரிசு.

கொக்குவில் கோணர்:

ரெண்டும் ஒண்டாச் சேர்ந்துதான் வேலை செய்யுது அண்ணை. அவனை ஆருமே மதிக்காததாலதான் கூட்டம் ஆறுது. பிரபலமான ஒருத்தனை அந்த இடத்தில விட்டால் திரும்பச் சூடேறும்.

மருதடியான், மானிப்பாய்:

உங்கட வழக்கு முடியட்டும், நான் மிச்சத்தைச் சொல்லுறன். 2கே24 இல ஆளை மாத்திக்கொள்ளலாம் எண்டு வந்தது, சீசன் நடுவில ட்ரேட். சித்தியின்ர மகளின்ர ஸ்பெஷலிஸ்ட் குவியல் அதோட உடைஞ்சிருக்க வேணும், ஏனெண்டால் இப்ப ஜோடி இல்லாத குரூசரை மாத்தி ஒரு ஜயன்றை எடுக்கலாம். நான் அப்பிடித்தான் கணக்குப் போட்டனான். ஆனால் ட்ரேட் எண்டால் மற்ற ஆளும் ஓம் எண்டோணுமே. அண்ணையிட்டக் கேட்டால் ஒரு குரூசருக்கு என்ர பெல்ட்காரனைத் தா எண்டுறார். வீட்டுக்குள்ள பேச்சுவார்த்தை சோத்துக்கோப்பையிலயும் நடந்தது.

2கே25 இல ஒன்லைனில நாலு பேரும் விளையாடலாம். அவள் அங்க பின்னேரம் ஏழு மணி எண்டால் இஞ்ச விடியப்புறம், மாசத்தைப் பொறுத்து நாலரை அல்லது அஞ்சரை. அண்ணை ஓம் எண்டிட்டார், வேற எதுக்கும் உந்த நேரத்துக்கு எழும்பாத ஆள். வாற சனிக்கிழமை ட்ராஃப்ட். நாலாவது ஆள் குறையுது. கேம் இருக்கிற ஆராவது வாறியளே? ஸ்பெஷலிஸ்ட் எடுக்கிறேல்ல எண்டு முதலே சொல்லிப்போட்டு வரோணும்.

அளவெட்டியான்:

அவளுக்கும் அந்தச் சட்டம் இருக்கோ?

மருதடியான், மானிப்பாய்:

இல்லை. அவளிட்டச் சொல்ல ஒருத்தருக்கும் துணிவில்லை.

அளவெட்டியான்:

அப்ப நானும் எடுப்பன். எத்தின மணிக்கு வரோணும், நாலரையோ அஞ்சரையோ?