ஃபேக்டோரியோவில் புரொடக்டிவிட்டி மாட்யூல்: முதலில் எங்கே போடுவது?

வணக்கம் மக்களே. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். குறுவை நடவு முடிந்து ராத்திரியில் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது, அதில்தான் ஃபேக்டோரியோ என்ற இந்தத் தொழிற்சாலை கட்டும் கணினி விளையாட்டு.

பச்சை சர்க்யூட் செய்யும் மூன்றாம் நிலை அசெம்பிளரில் (பொருள் தயாரிக்கும் இயந்திரம்) மூன்றாம் நிலை புரொடக்டிவிட்டி மாட்யூல் நான்கைப் போட்டேன். ஒன்றுக்கு 10% என்று 40% கூடுதல் சரக்கு, அதே இரும்பு, அதே செம்பு. குஷியாகிவிட்டேன். அப்புறம்தான் பெல்ட்டைப் பார்த்தேன், காற்று வாங்குகிறது! வேகம் 1.25-லிருந்து 0.5-க்கு இறங்கிவிட்டது. வினாடிக்கு இரண்டரை வந்த இடத்தில் இப்போது 1.4தான். மின்சாரமோ 375 கிலோவாட்டிலிருந்து 1,575. எங்கள் ரைஸ்மில்லில் அரிசி கூடுதலாகக் கண்டால் அப்பா மகிழ்வார், ஆனால் கரண்ட் பில் இப்படி வந்தால் மோட்டாரையே கழற்றிவிடுவார்.

பீக்கனில் (பக்கத்து இயந்திரங்களுக்கு மாட்யூல் பலனைப் பரப்பும் கருவி) இந்த மாட்யூல் ஏறாது, வேக மாட்யூல் ஏறும் என்பது தெரியும். சந்தேகம் இதுதான்: சுற்றிலும் பீக்கன் நட்டு வேகத்தை மீட்பதா, இல்லை அசெம்பிளரை இரட்டிப்பாக்குவதா? ராக்கெட் சைலோவிலும் லேபிலும் முதலில் போட்டுவிட்டு, சர்க்யூட்டை அப்படியே விட்டுவிடலாமா? என்னிடம் இன்னும் நீராவி எஞ்சின்தான் ஓடுகிறது. பெரிய பேஸ் கட்டியவர்கள் யாராவது வரிசை சொல்லுங்களேன்.