மருந்தைக் குறைத்தும் சர்க்கரை ஏறவில்லையா?

அரசு மருத்துவமனைச் செவிலியர்:

நெடுநாள் சர்க்கரை நோயாளியின் வீட்டார் வந்து, "இப்போதெல்லாம் ஊசியைப் பாதியாகக் குறைத்தும் சர்க்கரை ஏறுவதே இல்லை, சிஸ்டர்" என்று பூரிப்புடன் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். உடனே நோயாளியின் காலைத்தான் பார்ப்பேன். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினால் பல பேருக்குக் குழி விழுந்து அப்படியே நிற்கும். சிறுநீர் நுரைத்துப் போகிறதா என்று கேட்டால், "ரொம்ப நாளாகவே" என்பார்கள். இரண்டும் சிறுநீரகம் பழுதாவதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

ஊசியில் ஏற்றும் இன்சுலினைக் கழிப்பதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது பழுதுபட்டால் மருந்து உடம்பில் தேங்கி நெடுநேரம் வேலை செய்யும். சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரையும் அப்படித்தான். சிறுநீரகம் கெட்டவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்பதை ஒரு இரவுப் பணியில் கண்ணால் பார்த்தேன்.

வந்தவர் வயதான நெசவாளர். சட்டை பிழிகிற அளவுக்கு வியர்வை. விரல்களால் போர்வையைப் பிய்த்துக்கொண்டே, எதிரில் நின்ற மகளைத் தங்கையின் பெயர் சொல்லி அழைத்தார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 42. மகள் அவசரமாக இளநீரை எடுத்து நீட்டினாள். "அது வேண்டாம் அம்மா" என்று தடுத்தேன். சிறுநீரகம் செயலிழந்திருந்தால் இளநீரிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அவரால் விழுங்க முடிந்ததால் அரை டம்ளர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்துக் கொடுத்தோம். 15 நிமிடம் கழித்து 78. பெரியவர் எழுந்து உட்கார்ந்து பேசியதும் வீட்டார் புறப்படத் தயாரானார்கள். நான் விடவில்லை. அவர் சாப்பிட்டுவந்த கிளிபென்கிளமைடு ஒரு நாளுக்கும் மேலாகச் சர்க்கரையைக் கீழே இழுக்கும். நினைத்தபடியே விடியுமுன் மறுபடி 55. மருத்துவர் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை ஏற்றச் சொன்னார். சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் காலையில் 6.8 என்று வந்தது, மிக அதிகம். அதற்கு முன் ஒருமுறைகூட அவருக்கு அந்தப் பரிசோதனை செய்ததில்லையாம்! இத்தனைக்கும் அது சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

டயாலிசிஸ் மையச் செவிலியர்:

எங்களிடம் இதற்கு நேர்மாறான சங்கடம். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2 என்று வந்ததை நம்பி, ஒரு அம்மா மூன்று வேளையும் விருப்பப்படி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்கு முன் சர்க்கரை பார்த்தால் 260. டயாலிசிஸ் செய்பவர்களுக்குச் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிகின்றன. ரத்தசோகைக்குப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசியால் புதிய அணுக்களும் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் சர்க்கரை படிய அவகாசம் கிடைப்பதில்லை, அதனால் எண் குறைவாகவே காட்டும். அந்த ஒரு தாளை மட்டும் வைத்து மருந்தை மாற்றக் கூடாது என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். டயாலிசிஸ் நாளில் காலை இன்சுலின் எவ்வளவு என்பதையும் மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருக்கும்போதே சர்க்கரை இறங்கியவர்கள் உண்டு.

நோயாளியின் மனைவி:

என் கணவர் ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் உடம்பில் நீர் சேர்ந்து நான்கு கிலோ வரை எடை ஏறிவிடுவார். அவ்வளவு நீரையும் ஒரே அமர்வில் எடுக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், ரத்த அழுத்தம் சரியும். தண்ணீர் குடிக்காதே என்று நான் தினமும் சண்டை போட்டேன். அங்கிருந்த சிஸ்டர்தான் என்னை நிறுத்தி, "முதலில் அவருடைய சர்க்கரை எவ்வளவு என்று பார்ப்போம்" என்றார். 300க்கு மேல் இருந்தது. சிறுநீர் போகாதவருக்கு மிகுதிச் சர்க்கரை வெளியேற வழியில்லை, அது ரத்தத்திலேயே நின்று தாகத்தை மூட்டுகிறது என்று விளக்கினார். மருத்துவர் இன்சுலினைச் சரிசெய்த பிறகு தாகம் தணிந்தது. இப்போது இரண்டு கிலோவுக்குள் நிற்கிறது. வீட்டில் தினமும் சர்க்கரை பார்ப்பதற்கான ஸ்ட்ரிப்தான் கையைக் கடிக்கிறது. குறைந்த விலையில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.