‘உமது சித்தம்’ என்ற இடத்தில் அம்மா நிறுத்திவிடுகிறார்

தூத்தூர்க் கரை:
2017 ஒக்கிப் புயலில் போன தம்பியின் உடல் கிடைக்கவில்லை. சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போன படகு. காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி நடந்த குழித்துறை ரயில் மறியல், நிவாரணம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. எனக்குள் உறுத்திக்கொண்டிருப்பது வேறு. எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம், அதாவது பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கும் கூட்டம். ஜெபமாலையில் பரலோக மந்திரத்தின் முன்பாதியைச் சொல்வது எப்போதும் அம்மாதான். “உமது இராச்சியம் வருக” என்றவர், அடுத்து வரும் “உமது சித்தம் செய்யப்படுவதாக” என்ற வரிக்கு வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தோம். கடைசியில் பக்கத்து வீட்டுச் சித்தி “எங்கள் அனுதின உணவை” என்று எடுத்துக்கொடுத்தார். ஜெபமாலையின் அடுத்த பத்து மணிகளைத் தொடங்கும்போதும் அதே இடம், அதே மௌனம். இன்றுவரை அப்படித்தான். பெண்கள் இப்போது காத்திருப்பதுகூட இல்லை, தாங்களே தொடர்ந்துவிடுகிறார்கள்.

பாளை விசுவாசி:
சகோதரி, அந்த வரியை விட்டுவிடக் கூடாது. “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்று பைபிளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு சொல்லவில்லையா? என் மகளுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. ஊசி ஏற்றும்போது, “அப்பா, பாடுங்கள்” என்று என் கையைப் பிடித்தாள். வார்டு முழுவதும் பார்க்கப் பாடினேன். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: அதிகாலையில் அம்மாவை எழுப்பி 91ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கட்டும். தனியாக உட்கார விடாதீர்கள், தனிமையில்தான் சத்துருவாகிய சாத்தான் பேசுவான். தம்பியின் படத்தைக் கொஞ்ச நாள் உள்ளே வையுங்கள். நன்றி சொல்லத்தக்க காரியங்களை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த வரியை நீங்கள் முதலில் சொல்லுங்கள், அவர் பின்னால் சொல்லட்டும்.

குளச்சல்காரன்:
படத்தை உள்ளே வைப்பதா? ஐயா, யோபு முதல் அதிகாரத்தோடு முடிந்துவிடவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபித்துக்கொள்வது அவரை அல்ல, விளக்கம் சொல்ல வந்த நண்பர்களை. அந்த நண்பர்களும் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். அதுவரை நல்லவர்களாக இருந்தார்கள்.

2004 சுனாமி ஞாயிற்றுக்கிழமை வந்தது, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். உடல்களை மொத்தமாகப் புதைத்தபோது ஒருவர் என் அப்பாவிடம் வந்து, “இது ஊர் செய்த பாவம்” என்றார். அப்பா மண்வெட்டியைக் கீழே போடாமலே கேட்டார்: “சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைப் பற்றி இயேசு என்ன சொன்னார்? அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்றுதானே?” வந்தவர் பதில் சொல்லவில்லை. அவரும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். அன்று முழுவதும் அவர் எங்களோடுதான் இருந்தார்.

தூத்தூர்க் கரை:
பாளை அண்ணா, நீங்கள் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் படம் இருந்த இடத்திலேயே இருக்கும். அம்மா ஒரு நாள்கூடப் பூசையை விட்டதில்லை, ஜெபமாலையையும் விட்டதில்லை. அந்த ஒரு வரியை மட்டும்தான் சொல்வதில்லை. அதைச் சொல்ல வைக்க நான் முயலப்போவதில்லை, அது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையில் நடக்கிற பேச்சு. நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் மகள் பாடச் சொன்ன இடத்தை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். பிள்ளையின் ஞானஸ்நானப் பெயரைக் கேட்கிறார், வருகிற கூட்டத்தில் சேர்த்துச் சொல்வதற்கு.