தீவில் மாட்டிக்கொண்ட ஏழு பேருக்குக் குடிதண்ணீர் வேண்டும்

வணக்கம். கடலூர் முதுநகரில் எங்கள் நாடகக் குழுவுக்காக ஒரு கதை எழுதுகிறேன். ஐப்பசி மழையில் படகு எஞ்சின் நின்றுபோய், முன்பின் தெரியாத ஏழு பேர் ஆளில்லாத மணல்திட்டில் ஒதுங்குகிறார்கள். பிச்சாவரம் பக்கம், ஒருபுறம் கடல், மறுபுறம் சுரபுன்னைக் காடு. அவர்களுக்குள் நடக்கும் சண்டையை எழுதிவிடுவேன், அதற்கு எங்கள் குழுவே போதும்! தண்ணீர்தான் இடிக்கிறது. மணல்மேட்டில் மேலாக ஊற்றுத் தோண்டினால் மழைநீர் உப்புநீருக்கு மேல் தேங்கி நிற்கும், ஆழமாகப் போனால் கரிக்கும். சரி, நம் கரையில் எத்தனை அடியில் நல்ல தண்ணீர் வரும்? கிள்ளை, தேவனாம்பட்டினம் பக்கம் கடலுக்குப் போகிற அண்ணன்மார் யாராவது சொல்லுங்களேன். அப்புறம், நீரேற்றம் வடிந்ததும் சேற்றில் நடந்தே கரைசேர முடியுமா? முடியும் என்றால் என் கதை இரண்டாம் காட்சியிலேயே முடிந்துவிடும்.